காலை எட்டரை மணிக்கு மேற்கே நிற்கும் நிலா

பள்ளிகளுக்கு வான்நோக்கல் பயிற்சி அளிக்கச் செல்லும் இடமெல்லாம், "சார், பகல்ல நிலா தெரியுதே, எப்படி?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. ஒருமுறை ஒரு மாணவனின் தாயார், அது குடும்பத்துக்கு ஆகாத சகுனமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சகுனம் ஏதுமில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களை விட்டுவிட்டால், வானம் தெளிவாக இருக்கும் மற்ற நாட்களில் பகலிலும் சிறிது நேரமாவது நிலா தெரியத்தான் செய்கிறது. நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் எழுகிற அதே நிலா, ஒரு வாரம் கழித்து, தேய்பிறை அஷ்டமியை ஒட்டி, நள்ளிரவு வாக்கில் எழுந்து மறுநாள் நண்பகல் வாக்கில்தான் மறையும். வளர்பிறை அஷ்டமியில் இது தலைகீழ். எனவே தினசரி நாட்காட்டியில் திதியைப் பார்த்தாலே போதும்: வளர்பிறையானால் பிற்பகலில் கிழக்கே, தேய்பிறையானால் காலையில் மேற்கே தேடலாம்.

விண்மீன்களும் பகலில் வானில் இருக்கின்றனவே, அவை ஏன் தெரிவதில்லை? காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாகும் நீல வெளிச்சம், ஒளிப்புள்ளிகளாகத் தெரியும் அவற்றை விழுங்கிவிடுகிறது. நிலாவோ தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பினாலும், அந்த நீலத்தையும் மீறித் தெரியும் அளவுக்கு ஒளிர்கிறது. நிலாவுக்கும் நமக்கும் இடையில் இருக்கும் காற்றும் ஒளிர்வதால், நிலாவின் கரும்பகுதிகள் கறுப்பாகத் தெரியாமல் வானத்தின் நிறத்திலேயே தெரியும்; நிலாவில் ஓட்டை விழுந்து, அதன் வழியே வானம் தெரிவதாகவே சிறுவர்கள் சொல்வார்கள்.

பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று படித்தவர்களே இன்னும் நம்புகிறார்கள். இந்தத் தவற்றைத் திருத்தப் பகல் நிலாவைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. தேய்பிறை அஷ்டமிக்கு மறுநாள் காலை எட்டரை மணிக்கு, வெயில் படும் மைதானத்தில் ஒரு மாணவியை நிறுத்தி, வெள்ளைப் பந்து ஒன்றைக் கையை நீட்டி நிலாவுக்கு அருகில் பிடிக்கச் சொன்னேன். முதுகுக்குப் பின்னால் கிழக்கே இருந்த சூரியனின் வெளிச்சம் பந்தின் எந்தப் பக்கத்தில் விழுந்ததோ, அதே பக்கம்தான் நிலாவிலும் ஒளிர்ந்தது. ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கோடுகூட இரண்டிலும் ஒரே சாய்வில் இருந்தது. பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், அந்நேரத்தில் மேற்கு அடிவானத்துக்குக் கீழே கிடக்க, அது எப்படி நிலாவின்மேல் விழும்?

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பகல் நிலாவை பைனாகுலரில் பார்க்கும்போது, தவறிச் சூரியன் பக்கம் திரும்பினால் ஒரு நொடியிலேயே விழித்திரை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அதனால் பந்துச் சோதனை முடிந்ததும், மாணவர்களைப் பள்ளிக் கட்டிடத்தின் மேற்குப் பக்க நிழலுக்கு அழைத்துச் சென்று, சூரியன் சுவருக்குப் பின்னால் முழுவதுமாக மறைந்திருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே பைனாகுலரைப் பெட்டியிலிருந்து எடுக்கிறேன்.