குழாயடியில் இரண்டு குடம்

"விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டதால் பழைய மடிக்கணினியில், ஒலிப்பதிவுக்கு உதவும் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு ஸ்டுடியோவைப் போட்டேன். பாடி ரெக்கார்டு செய்யும்போது என் குரல் ஹெட்போனில் எனக்கே பிந்திக் கேட்கிறது. பஃபர் எண்ணைக் குறைத்தால் 'பட் பட்' என்று வெடிக்கிறது. கணினி பழசானதுதான் காரணமா?" ஒரு வாசகி கேட்டிருந்தார்.

பழசானதாலேயே இப்படி ஆகிவிடாது. நொடிக்கு நூறு கோடிக் கணக்குகளைப் போடும் எந்திரத்துக்கு ஒரு குரலைப் பதிவது பெரிய பாரமே இல்லை. குறித்த நேரத்துக்கு வந்து நிற்பதுதான் அதற்குக் கஷ்டம்.

மைக்கிலிருந்து வரும் ஒலி நொடிக்கு 48,000 எண்களாக மாறுவது தெரிந்த கதை. அந்த எண்கள் ஒவ்வொன்றாகக் கணினிக்குப் போவதில்லை, கட்டுக்கட்டாகப் போகின்றன. குழாயடியில் இரண்டு குடம் வைத்துத் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிறையும்போது மற்றதை உள்ளே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வர வேண்டும். குடம் பெரிதானால் நடுவில் அடுப்பையும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து சேரத் தாமதமாகும். குடத்துக்குப் பதில் செம்பு வைத்தால் உடனுக்குடன் வரும், ஆனால் குழாயடியை விட்டு நகர முடியாது.

இந்தக் குடம்தான் பஃபர். 1,024 எண்கள் கொண்ட பஃபர் நிறைய 21 மில்லிநொடி ஆகும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என்று பார்த்தால் 43. அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 15 மீட்டர் போய்விடும். நம் குரல் எலும்பு வழியாகக் காதுக்கு உடனே வந்துவிடுவதால், ஹெட்போனில் பிந்தி வரும் குரல் அதோடு மோதிப் பாடவிடாமல் செய்கிறது. 128 எண்கள் என்றால் இருவழிக்கும் சேர்த்து 5 மில்லிநொடி சொச்சம், தூரக் கணக்கில் 2 மீட்டருக்கும் குறைவு. கச்சேரி மேடையில் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கும், யாருக்கும் அது உறுத்துவதில்லை.

ஆனால் 128 வைத்தால் நொடிக்கு 375 முறை செம்பை மாற்ற வேண்டும். ஒரே ஒரு முறை தவறினாலும் தண்ணீர் வழிந்துவிடும். நீங்கள் கேட்ட 'பட்' அதுதான். ஒலிப்பதிவுக்காரர்கள் இதை எக்ஸ்ரன் என்பார்கள்.

தவறுவது ஏன்? இயங்குதளத்தின் கருவான கெர்னல், வைஃபையையோ வட்டையோ கவனிக்கும் வேலையில் இறங்கிவிட்டால், சில இடங்களில் அதை நடுவில் நிறுத்த முடியாது. ஒலி வேலை வாசலில் காத்து நிற்கும். இதை மாற்றத்தான் லினக்ஸில் பிரீம்ப்ட்-ஆர்டி என்ற திட்டம் வந்தது. கெர்னலின் ஏறக்குறைய எல்லா வேலையையும் நடுவில் நிறுத்தி, அவசரமானதை முன்னே விடலாம் என்பது அதன் வழி.

அதில் என்னை மயக்கிய நுட்பம் ஒன்று உண்டு. கடைநிலை வேலை ஒன்றின் கையில் ஸ்டோர் ரூம் சாவி இருக்கிறது. முதல்நிலையில் உள்ள ஒலி வேலைக்கு அந்தச் சாவி வேண்டும். கடைநிலை வேலை முடித்துத் தருவதற்குள் இடைநிலை வேலைகள் அதை ஒதுக்கிவிட்டு ஓடிக்கொண்டே இருக்கின்றன. எல்லாருக்கும் முன்னால் போக வேண்டியவர் எல்லாருக்கும் பின்னால் நிற்கிறார். இதற்குத் தீர்வு, காத்திருப்பவரின் அந்தஸ்தைச் சாவி வைத்திருப்பவருக்குக் கடனாகத் தருவது. சாவி கைமாறியதும் கடனும் தீர்ந்துவிடும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி இதே சிக்கலால் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனபோது, பொறியாளர்கள் பூமியிலிருந்தே இந்த வசதியை இயக்கி அதைச் சரிசெய்தார்கள்.

தாமஸ் கிளெய்க்ஸ்னர் முதலான கெர்னல் நிரலாளர்கள் ஏறக்குறைய 20 ஆண்டுகள் உழைத்த இந்த பிரீம்ப்ட்-ஆர்டி திட்டம், 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் கெர்னலின் 6.12 பதிப்பில்தான் முழுமையாகச் சேர்ந்தது. 2014-இல் பணமில்லாமல் திட்டமே தள்ளாடியது. அடுத்த ஆண்டு, லினக்ஸ் வளர்ச்சிக்குத் துணைநிற்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அமைப்பு கைகொடுத்தது. தொழிற்சாலை எந்திரங்கள்வரை பயன்படும் அடிப்படை வேலைக்கு நிதி தேடி அலைய வைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. எல்லாரும் பயன்படுத்தும் பொதுக் கிணற்றைத் தூர்வார எல்லாரும் பணம் போடத்தான் வேண்டும்.

வீட்டுப் பதிவுக்கு அந்த முழு ஏற்பாடு பெரும்பாலும் தேவைப்படாது. உபுண்டு ஸ்டுடியோ தாமதத்தைக் குறைக்கும் அமைப்போடுதான் வருகிறது. உங்கள் பயனர் கணக்கு 'ஆடியோ' குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒலி வேலைக்கு முன்னுரிமை கிடைக்காமல் போகலாம். பிராசஸரை மின்சேமிப்பிலிருந்து முழுவேகத்துக்கு மாற்றுங்கள், பதியும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். பாடும்போது 128, மிக்ஸிங்கில் 1,024.

பிறகு ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே செருகிவிட்டு, ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தாமதத்தை அளக்கச் சொல்லுங்கள். ஓர் ஒலியை அனுப்பி, அது எத்தனை எண்கள் பிந்தித் திரும்புகிறது என்று காட்டும். ஓர் எண்ணின் பிந்தல், காற்றில் ஒலி 7 மில்லிமீட்டர் நகரும் நேரம்.