டீசல் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? எதை இழுக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 போன்ற பெரிய பிக்கப் வாங்க நினைக்கும் நம் ஆட்கள் பலர், டீசல்தான் என்று முடிவு செய்துவிட்டே டீலரிடம் போகிறார்கள். டெக்சாஸில் இந்த வண்டிகளின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த முடிவு சரியாக அமைந்தவர்களையும் பார்க்கிறேன், தேவையில்லாமல் பணத்தை இழப்பவர்களையும் பார்க்கிறேன். ஊரில் டீசல் விலை குறைவு, மைலேஜ் அதிகம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே கணக்கு வேறு.

இங்கே மத்திய அரசு வரியே கேலனுக்கு பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். பங்க்கிலும் பெரும்பாலும் டீசல்தான் விலை கூடுதல். வண்டி வாங்கும்போது டீசல் எஞ்சினுக்கென்று ஏறத்தாழ 10,000 டாலர் தனியாகக் கொடுக்க வேண்டும். சும்மா ஒரு கணக்குப் போடுவோம். பாரமில்லாமல் வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறீர்கள். பெட்ரோல் வண்டி கேலனுக்கு 13 மைல், டீசல் 17 மைல். விலை 3 டாலர், 3.70 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு சுமார் 2,770 டாலர் ஆகும், டீசலுக்கு 2,610. வருடத்துக்கு மிச்சம் 160 டாலர்! ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 8 குவார்ட் ஆயில் பிடிக்கும், 6.7 லிட்டர் டீசலுக்கு 13. டீசல் ஃபில்டர்களும், புகையைச் சுத்தமாக்க தனி டேங்கில் ஊற்றும் டெஃப் திரவமும் தனிச் செலவு. அந்த 160 டாலர் இதிலேயே போய்விடும். விற்கும்போது டீசலுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதுவரை வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டுமே.

இருக்க விடாமல் செய்வது பெரும்பாலும் குறுகிய ஓட்டம். 2007-லிருந்து இந்த டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை எஞ்சினே அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்துச் சுத்தம் செய்யும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். அது முழுதாக முடிய, ஹைவேயில் இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய், வெயிலுக்கு ஏசி போட்டபடி பார்க்கிங்கில் வண்டியை ஓடவிட்டு வைத்திருந்தால் கரி சேர்ந்துகொண்டே போகும். பாதியில் அணைக்கப்படும் ஒவ்வொரு ரீஜெனிலும், சில எஞ்சின்களில், எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். அப்புறம் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், வேகம் தானாகக் குறையும், வண்டி எங்களிடம் வரும். வடிகட்டியை மாற்ற வேண்டி வந்தால் பில் ஆயிரக்கணக்கான டாலர்.

அந்த பில்லைப் பார்த்ததும் சிலர், டிபிஎஃபை வெட்டி எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். தூய காற்றுச் சட்டப்படி அது சட்டவிரோதம். வாரண்டி கிடைக்காது, பல மாநிலங்களில் வண்டி புகைப் பரிசோதனையிலும் தேறாது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் தெருவில் விளையாடும் குழந்தைகள். ராம் பிக்கப் எஞ்சின்களில் புகைக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் ஏற்பாடு இருந்தது என்ற குற்றச்சாட்டுக்காக கம்மின்ஸ் நிறுவனமே 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பழைய டீசல் வாங்கும்போது வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் முழுக்க வெறும் குழாயாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, டீசல் யாருக்கு? பெரிய ட்ரெய்லரை அடிக்கடி, நெடுந்தூரம் இழுப்பவருக்கு. அந்த 7.3 பெட்ரோல் எஞ்சின் 430 குதிரைத்திறன், 485 பவுண்டு-அடி டார்க் (பாரத்தை இழுக்க உதவும் சுழற்று விசை) தருகிறது. 6.7 டீசலுக்கு 475 குதிரைத்திறன், ஆனால் டார்க் 1,050. அதுவும் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழேயே கிடைக்கும். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், டர்போ டீசல் அவ்வளவு தளராது. இறக்கத்தில், புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக், வண்டி வேகமெடுக்காமல் பிடித்துக்கொள்ளும். சக்கர பிரேக் சூடாகிக் கைவிடாமல் இருக்க அதைவிட நல்ல துணை இல்லை. ஆர்வி எனப்படும் வீட்டு ட்ரெய்லரோடு மலைப்பக்கம் போகும் குடும்பத்துக்கு அந்த 10,000 டாலர் கொடுக்கத் தகும் என்றே சொல்வேன்.

ஆனால் இவர்களும் கவனிக்காத ஒன்று, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்த்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்பது அதில் இருக்கும். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் எடை. அந்த எடை அப்படியே இந்த அளவிலிருந்து கழியும். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டாக உள்ள 2500 டீசலில் 2,000 பவுண்டை ஒட்டித்தான் மிஞ்சுவது சகஜம். இப்போது 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரை (பிக்கப்பின் பின்தொட்டிக்குள் மாட்டும் வகை) மாட்டுங்கள். அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,400 பவுண்டு, பிக்கப்பின் முதுகில் உட்காரும். குடும்பம் ஏறுவதற்கு முன்பே வரம்பு தாண்டிவிட்டது. விளம்பரத்தில் இழுவைத் திறன் எவ்வளவு போட்டிருந்தாலும் பின் அச்சும் டயரும் அதைக் கேட்காது.

இந்த வேலைக்கு, 2500-ஐவிடக் கூடுதல் எடை தாங்கும் 3500 வகைதான் சரி. 2500-க்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசம், டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் சிறு பகுதிதான். வாங்கப்போகும் அதே வண்டியின் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சன்ரூஃப் போன்ற ஒவ்வொரு கூடுதல் வசதிக்கும் அந்த எண் மாறும். ஏற்கெனவே ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள், தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் நிரப்பி, குடும்பத்தோடு ஒருமுறை ட்ரக் ஸ்டாப்பில் இருக்கும் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எடை போட்டுச் சீட்டு தருவார்கள்.