செவ்வாயில் பிறக்கும் குழந்தைக்கு ஜாதகம் கணித்தால்

சென்ற மாதம் ஒரு கிளை நூலகத்தில் கோள்களைப் பற்றிப் பேசி முடித்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "செவ்வாய்க் கிரகத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அதற்குச் செவ்வாய் தோஷம் இருக்குமா, ஐயா?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அந்த ஒரு சொல்லால் தன் அக்காவின் திருமணம் இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போவதைக் கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் சொன்னாள். அவளுக்கு நிதானமாக விடை சொல்ல வேண்டுமென்றால், செவ்வாயில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு ஜாதகத்தை உண்மையிலேயே கணித்துப் பார்க்க வேண்டும்.

ஜாதகக் கட்டம் என்பது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு குறிப்பிட்ட ஊரிலிருந்து வானம் எப்படி இருந்தது என்பதற்கான வரைபடம். அதன் அடித்தளமான பன்னிரண்டு ராசிகளும் இருபத்தேழு நட்சத்திரங்களும் செவ்வாயிலும் மாறுவதில்லை. விண்மீன்கள் இருக்கும் தொலைவோடு ஒப்பிட்டால் பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள இடைவெளி ஒன்றுமே இல்லை. செவ்வாயின் சுற்றுப்பாதைத் தளமும் நம்முடையதிலிருந்து 1.85 பாகைதான் சாய்ந்திருக்கிறது. பிறக்கும் நேரத்தில் கீழ்வானில் உதிக்கும் ராசியான லக்னத்திலும் பெரிய சிக்கல் இல்லை. செவ்வாயின் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 நொடி என்பதால் ஒரு ராசி கீழ்வானில் உதித்து முடிய, இங்கே போலவே, சராசரியாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அச்சின் சாய்வும் 25 பாகைதான். ஆனால் மாதங்கள் மாறிவிடும். பூமி சூரியனுக்கு அருகில் விரைந்து செல்லும் காலத்தில் வருவதால்தான் நம் மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிகிறது. ஆனி 32 நாள்வரை நீள்கிறது. செவ்வாயின் பாதை இன்னும் நீண்ட நீள்வட்டம். சூரியன் சிம்மத்தைக் கடக்கும் அங்கத்திய ஆவணிக்கு, அங்கத்திய நாள் கணக்கில், ஏறத்தாழ 46 நாள். கும்பத்தைக் கடக்கும் மாசிக்கு 66 நாளுக்கும் மேல்.

இதுவரை கணக்கில் எண்களை மாற்றினால் போதும். சந்திரனிடம் வரும்போதுதான் கணக்கின் முறையே தடுமாறுகிறது, நான் வியந்து நிற்பதும் இந்த இடத்தில்தான்.

செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு. 1877-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வாஷிங்டனில் இருந்த கடற்படை வானாய்வகத்தில் ஆசாப் ஹால் அவற்றைக் கண்டுபிடித்தார். பெரியதான ஃபோபோஸ், செவ்வாயின் தரையிலிருந்து ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் உயரத்தில், 7 மணி 39 நிமிடத்துக்கு ஒருமுறை கோளைச் சுற்றி வருகிறது. அது மேற்கே உதித்துக் கிழக்கே மறைகிறது. இதைக் கேட்டவர்கள் பலரும் அது எதிர்த்திசையில் சுற்றுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நம் நிலவு எந்தத் திசையில் பூமியைச் சுற்றுகிறதோ அதே திசையில்தான், அதாவது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கித்தான், ஃபோபோஸும் செவ்வாயைச் சுற்றுகிறது. இன்று ரோகிணிக்கு அருகில் தெரியும் நிலவு நாளை மிருகசீரிடத்துக்கு நகர்ந்திருப்பதைப் பார்த்தால், நிலவும் விண்மீன்களிடையே கிழக்கு நோக்கியே செல்கிறது என்பது விளங்கும். ஆனால் நிலவு ஒரு சுற்று முடிக்க 27 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ள, பூமி ஒரே நாளில் சுழன்றுவிடுகிறது. நாம் நிலவை முந்திக்கொண்டே இருப்பதால் அது கிழக்கே எழுந்து மேற்கே பின்தங்குவதுபோல் தெரிகிறது. செவ்வாயில் முந்துவது நிலவு. செவ்வாய் மணிக்கு ஏறத்தாழ 14.6 பாகை சுழல, ஃபோபோஸ் மணிக்கு 47 பாகை ஓடுகிறது. கோவில் பிராகாரத்தில் மெல்ல வலம் வரும் பாட்டியைப் பேரன் ஓடிக் கடப்பதைப் போல, அது பின்னாலிருந்து, அதாவது மேற்கிலிருந்து வந்து, நாலேகால் மணி நேரத்தில் தலைக்கு மேலே கடந்து முன்னால் மறைந்துவிடும். ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் மேற்கே உதிக்கும்.

இது உயரத்தால் வரும் வேறுபாடு. கோளுக்கு அருகில் சுற்றும் பொருள் வேகமாகவும், தொலைவில் சுற்றுவது மெதுவாகவும் சுற்றும் என்பது கெப்ளரின் விதி. செவ்வாயின் மையத்திலிருந்து ஏறத்தாழ 20,400 கிலோமீட்டரில், சுற்றும் காலமும் கோள் சுழலும் காலமும் சரியாகப் பொருந்தும் ஓர் எல்லை இருக்கிறது. அங்கே ஒரு நிலவு இருந்தால் அது வானில் அசையாமல் நிற்கும். ஃபோபோஸ் அந்த எல்லைக்கு வெகு உள்ளே, 9,376 கிலோமீட்டரில் இருக்கிறது. சிறியதான டீமோஸ் எல்லைக்குச் சற்று வெளியே, 23,460 கிலோமீட்டரில் இருக்கிறது. அதனால் டீமோஸ் கிழக்கேதான் உதிக்கும். ஆனால் மறைவதற்கு ஏறத்தாழ இரண்டரை நாளாகும். ஒரே வானத்தில் ஒரு நிலவு மேற்கிலிருந்து விரைய, மற்றொன்று கிழக்கிலிருந்து ஊர்ந்து வருகிறது. இந்த எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே நிலவின் வருங்காலத்தையும் முடிவு செய்கிறது. எல்லைக்கு வெளியே இருக்கும் நம் நிலவை, கடல் ஏற்ற இறக்கத்துக்குக் காரணமான அதே ஓத விசை ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வெளியே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் ஃபோபோஸை அதே விசை 100 ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் கீழே இழுக்கிறது. இன்னும் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளில் அது உடைந்து சிதறும், அல்லது செவ்வாயின் மேல் விழும்.

இப்போது ஃபோபோஸைச் சந்திரனாகக் கொண்டு ஜாதகத்துக்குத் திரும்புவோம். 7 மணி 39 நிமிடத்தை 27-ஆல் வகுத்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 17 நிமிடம் வருகிறது. பிரசவ அறையில் குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றுவதற்குள் பூரம் முடிந்து உத்திரம் பிறந்துவிடும். பூரத்தில் பிறந்த குழந்தைக்கு முதலில் நடப்பது சுக்கிர தசை. முழு அளவு 20 ஆண்டு. பூமியில் ஒரு நட்சத்திரம் ஏறத்தாழ ஒரு நாள் நீடிப்பதால், பிறந்த நேரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் தசை இருப்பில், அதாவது அந்தத் தசையில் பிறக்கும்போது மீதமிருக்கும் காலத்தில், ஐந்து நாள் மாறும். செவ்வாயில் அதே ஒரு நிமிடம் பதினான்கு மாதங்களை மாற்றிவிடும். திதி ஒவ்வொன்றும் கால் மணி நேரம். நம் தினசரி நாட்காட்டித் தாளில் மாதத்துக்கு இரண்டேகால் நாள் என்று அச்சிடப்படும் சந்திராஷ்டமம், அதாவது பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கும் காலம், அங்கே 38 நிமிடமாகச் சுருங்கி, நாளுக்கு மூன்று முறை வரும். பௌர்ணமியும் நாளுக்கு மூன்று. ஃபோபோஸ் அவ்வளவு தாழ்வாகச் சுற்றுவதால், செவ்வாயின் நடுக்கோடையையும் நடுக்குளிரையும் ஒட்டிய சில காலங்கள் தவிர மற்ற எல்லாப் பௌர்ணமியிலும் அது கோளின் நிழலுக்குள் நுழைகிறது; அங்கே கிரகணம்தான் வழக்கம், முழு நிலவு காண்பது அரிது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம் நிலவைச் சென்னையிலிருந்து பார்த்தாலும் வேறு கண்டத்திலிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே நட்சத்திரத்தில்தான் தெரியும். ஃபோபோஸை வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தால், அது தெரியும் திசை, கோளின் மையத்திலிருந்து பார்ப்பதாகக் கொண்ட கணக்கிலிருந்து 21 பாகைவரை விலகும். ஒரு நட்சத்திரத்தின் அகலமோ 13 பாகை 20 கலைதான். எனவே ஒரே கணத்தில் பிறந்த இரு குழந்தைகளின் வானில் சந்திரன் வெவ்வேறு நட்சத்திரத்தில் நிற்கும். அதோடு, ஃபோபோஸ் செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டியே சுற்றுவதால், ராசி மண்டலத்தை விட்டு 25 பாகைவரை விலகிப் போய்வரும். ராகுவும் கேதுவும் நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள் அல்லவா? நம் வானில் அவை பதினெட்டரை ஆண்டுகளில் ராசிகளைச் சுற்றி வருகின்றன. செவ்வாயிலோ அவை மிதுனம், தனுசு ராசிகளின் தொடக்கத்தை ஒட்டிச் சில பாகைகளுக்குள் ஊசலாடியபடி அங்கேயே நின்றுவிடும். ராகு கேது பெயர்ச்சி என்று ஒன்று அங்கே கிடையாது.

இத்தனையையும் கணிக்க முடிகிறது என்பதில் எனக்குப் பெருமைதான். 1825-இல், சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, எண்களைச் சொற்களில் பொதிந்து மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கணிதம் செவ்வாய்க்கும் பொருந்தும். அதன் மேல் ஏற்றப்பட்ட பலன்கள்தான் பூமியை விட்டு நகர மறுக்கின்றன. 2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியபோது அறிவியலாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2004-இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தப் பாடத்துக்கான பணம் கல்லூரிக்கு ஒரு தொலைநோக்கியாகவும், சோழிக் கணிதத்தைப் புரிய வைக்கும் ஒரு வானியல் பாடமாகவும் மாறியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது விதி. பன்னிரண்டில் ஐந்து இடங்கள் என்றால், விலக்குகளைச் சேர்க்காதபோது நூறில் நாற்பது பேருக்கும் மேல் அதில் அடங்குகிறார்கள். உன் அக்காவின் வகுப்பில் பாதிப் பேரை நெருங்கும் ஒன்றை எப்படிக் குறை என்று சொல்வது, அம்மா? செவ்வாயில் பிறக்கும் குழந்தைக்கு அது காலடி மண்; கட்டத்தில் எழுத இடமே இல்லை. அதற்குப் பதிலாக அந்தக் குழந்தையின் கட்டத்தில் பூமி இருக்கும். நமக்குச் சுக்கிரனைப் போல, சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாத விடிவெள்ளியாகவும் அந்தி வெள்ளியாகவும் அது தெரியும். நாம் செவ்வாயைப் பார்க்கும் கோடும், செவ்வாயிலிருந்து பூமியைப் பார்க்கும் கோடும் ஒன்றே என்பதால், இங்கே செவ்வாய் எந்த ராசியில் தெரிகிறதோ அதற்கு நேர் ஏழாம் ராசியில் அங்கே பூமி தெரியும். இங்கே செவ்வாய் வக்கிரமாகும், அதாவது பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும், அதே நாட்களில் அங்கே பூமி வக்கிரமாகும்.

2014-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, சூரியன் மறைந்து 80 நிமிடம் கழித்து, செவ்வாயின் தரையிலிருந்த கியூரியாசிட்டி ஊர்தி மேற்கு வானைப் படமெடுத்தது. அன்று நம் பஞ்சாங்கத்தில் செவ்வாய் கன்னியின் கடைசிப் பாகைகளில், சித்திரை நட்சத்திரத்தில் இருந்தது. கியூரியாசிட்டியின் வானிலோ, மீனத்தின் கடைசியில், ரேவதியில், பூமி ஒரு வெள்ளிப் புள்ளியாக நின்றது. அதன் கீழே, ஒட்டினாற்போல், நம் நிலவு.