கானசர்: ரசிகரா, நோட்டக்காரரா?

ஓவியம், பழம்பொருள் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் 'கானசர்' (connoisseur) என்ற சொல் அடிக்கடி வரும். தமிழில் எழுதுபவர்கள் 'ரசிகர்' அல்லது 'சுவைஞர்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் அது சரி. பழைய ஓவியம் சேர்ப்பவருக்கு அது பாதிப் பொருளைத்தான் தரும். அவர் ரசித்தால் மட்டும் போதாது. எது அசல், எது நகல், எந்த முத்திரை பிற்காலத்தில் குத்தியது என்று பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'அறிபவர்' என்பதே நேர்ப்பொருள். அதற்கு மூலமான லத்தீன் வினையும், நம் 'ஞானம்' என்ற சொல்லுக்கு மூலமான வடமொழி 'ஜ்ஞா'வும் ஒரே வேரில் பிறந்தவை. பிரெஞ்சில் எழுத்துக்கூட்டல் பிறகு மாறிவிட்டது. ஆங்கிலம் 18ஆம் நூற்றாண்டில் வாங்கிய பழைய வடிவத்தையே இன்றும் எழுதுகிறது.

இந்தச் சொல்லின் முழுப் பொருளுக்கும் பொருத்தமான ஒருவர் நெதர்லாந்துத் தூதர் ராபர்ட் வான் குலிக் (1910–1967). நீதிபதி டீ துப்பறியும் நாவல்களை எழுதியவர் என்றே பலர் அவரை அறிவார்கள். 1935இல் டோக்கியோவில் பணியைத் தொடங்கி சோங்கிங், டெல்லி, பெய்ரூட், கோலாலம்பூர் என்று மாறிக்கொண்டே இருந்தவர், வாழ்நாள் முழுவதும் சீன ஓவியங்களையும் தூரிகை எழுத்துச் சுருள்களையும் சேர்த்தார். தானும் தூரிகை பிடித்து எழுதினார், முத்திரை செதுக்கினார், ச்சின் என்ற ஏழு நரம்பு யாழை வாசித்தார். 1958இல் ரோமில் வெளியான அவருடைய பெரிய நூலின் தலைப்பிலேயே 'கானசர்' இருக்கிறது. ஓவியத்தின் அழகைவிட, அதைத் தாளில் ஒட்டிச் சுருளாக்கும் முறை, பட்டு, தாள், முத்திரை, போலிகள் ஆகியவற்றைப் பற்றியே அதில் அதிகம் பேசுகிறார். சீன, ஜப்பானியத் தாள்களின் நிஜ மாதிரித் துண்டுகளையும் நூலோடு சேர்த்தே கொடுத்தார். தாளைத் தொட்டுப் பழகாதவருக்கு ஓவியத்தின் வயதைச் சொல்ல வராது, அதனால்தான்!

சீனர்கள் இதற்கு 'ஜியென்ஷாங்' என்கிறார்கள். 'ஜியென்' என்றால் வெண்கலக் கண்ணாடி, அதிலிருந்து உற்று ஆராய்வது. 'ஷாங்' என்றால் நயந்து மகிழ்வது. சோதனை முதலில், ரசனை அப்புறம். 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியென்லுங் தம்மிடமிருந்த ஓவியங்களில் குத்திய சிவப்பு முத்திரைகளில் ஒன்றிலும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

சீனாவின் சோங் அரச காலத்து ஓவியர் மீ ஃபூ (1051–1107) சேகரிப்பவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒருவருக்கு ஓவியத்தின் மீது தீராத ஆசை. ஓவியங்களைப் பற்றிய பதிவுகளையெல்லாம் படித்தவர், மனத்தில் வாங்கியவர், சிலசமயம் தாமே வரைபவர். இன்னொருவரிடம் பணம் மட்டும் உண்டு. நாகரிகமாகத் தெரிய வேண்டுமென்று பிறர் கண்ணையும் காதையும் கடன் வாங்கி ஓவியம் வாங்குபவர். அதே காலத்து அறிஞர் ஷென் குவோ, பெரிய பெயரைக் கேட்டவுடன் ஓடிப்போய் வாங்குவதைக் 'காதால் மதிப்பிடுதல்' என்றார். மை அரைக்கும் கல்லைப் பற்றிய மீ ஃபூவின் நூலை 1938இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் வான் குலிக்தான். இந்த இருவரில் யாராக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழுக்கு வருவோம். நாணயம் சோதிப்பவரைச் சங்க காலத்தில் 'வண்ணக்கன்' என்றார்கள்; வடம வண்ணக்கன் தாமோதரனார் என்ற புலவரின் பெயரிலேயே அது நிற்கிறது. பிற்காலத்தில் அந்த வேலைக்கு 'நோட்டம்' என்றும், ஆளுக்கு 'நோட்டக்காரர்' என்றும் பெயர். கல்லா மணியா, செம்பா பொன்னா என்று கண்ணால் தேறுபவர். வண்ணக்கர் அழகான சொல்தான், ஆனால் இன்று விளக்கம் தேவைப்படும். 'நோட்டம் பார்ப்பது' இன்னும் பேச்சில் இருக்கிறது. திருடன் வீட்டை நோட்டம் விடுவதும் உடன் நினைவுக்கு வரும் என்பதால், தனியே எழுதாமல் 'கலை நோட்டக்காரர்' என்று எழுதலாம். 'கானசர்ஷிப்' என்பதற்குக் 'கலை நோட்டம்' சரியாக இருக்கும். உணவு, பானம் என்றால் 'சுவைஞர்' அப்படியே இருக்கட்டும்.