ஃப்ளோட் என்பது மிதவை அல்ல, கையிருப்பு

"இச்செயல்பாட்டின் மொத்த மிதவை 15 நாட்கள்." கட்டுமானக் கால அட்டவணைகளின் தமிழாக்கத்தில் இப்படி ஒரு வரி வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஃப்ளோட் (float) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். மிதவை என்றால் தெப்பம். மீன்வலையில் கட்டும் கட்டை. காம்பவுண்டு சுவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

1957இல் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய சி.பி.எம். (critical path method) என்ற கால அட்டவணை முறையோடு வளர்ந்த சொல் ஃப்ளோட். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைக்காக 1958இல் வந்த பெர்ட் (PERT) என்ற இன்னொரு அட்டவணை முறை அதையே ஸ்லாக் (slack) என்றது. ஒப்படைக்கும் தேதி அசையாமல் ஒரு வேலையை எத்தனை நாள் தள்ளலாம் என்பதுதான் பொருள். வேலை முடிந்தே தீரவேண்டிய கடைசி நாளிலிருந்து, அது முடியக்கூடிய முதல் நாளைக் கழித்தால் கிடைத்துவிடும்.

மிதவை பொருந்தாது என்றதும் சிலர் 'மிதப்பு நேரம்' என்கிறார்கள். தமிழில் மிதப்பு என்றால் மெத்தனம். "ஆள் மிதப்புல இருக்கான்" என்று ஊரே பேசும்போது, அந்தச் சொல்லை ஒப்பந்தக் கடிதத்தில் போட்டால் படிப்பவர் தன்னைக் குறை சொல்வதாகவே எடுத்துக்கொள்வார். ஸ்லாக்கைப் பெயர்த்த 'தளர்வு' கொஞ்சம் தேவலை. ஆனால் தளர்வை எண்ணிக் கழிக்க முடியாது. 'ஓய்வு நேரம்' எல்லாவற்றிலும் மோசம். 15 நாள் ஓய்வு என்று படித்த மேஸ்திரி ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கையிருப்பு என்று சொல்லிப் பாருங்கள். எண்ணலாம், செலவாகும், தீரும். தீர்ந்தபின் வருவது பற்றாக்குறை. 'எதிர்மறை மிதவை' என்ற வினோதத்துக்கு வேலையே இல்லை. கையும் இருப்பும் நல்ல தமிழ் என்பதால் தூய தமிழ் கேட்பவர்களுக்கும் குறையில்லை.

ஒரு கணக்கு. சுவர் 60ஆம் நாள் முடியலாம், 75ஆம் நாளுக்குள் முடிந்தே தீரவேண்டும்: கையிருப்பு 15. உரிமையாளர் இடத்தை 10 நாள் தாமதமாக ஒப்படைக்கிறார், மீதி 5. அடுத்து ஒப்பந்ததாரரின் கொத்தனார்கள் 8 நாள் வரவில்லை, பற்றாக்குறை 3. ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லையென்றால், உரிமையாளரால் வந்த தாமதம் கையிருப்பைத் தின்று பூஜ்யத்துக்குக் கீழே தள்ளும் அளவுக்குத்தான் கால நீட்டிப்பு என்கிறது பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் (எஸ்.சி.எல்.) தாமதங்களுக்காக வெளியிட்ட நெறிமுறை (2002, இரண்டாம் பதிப்பு 2017). ஆகவே முதல் 10 நாளுக்கு நீட்டிப்பு இல்லை. அந்த 3 நாள் ஒப்பந்ததாரர் தலையில். முதலில் எடுத்தவர் பிழைத்தார் என்ற இந்த ஏற்பாட்டின் மீதான சண்டையை 'மிதவை யாருடையது?' என்று எழுதினால் எவருக்கும் விளங்காது. 'கையிருப்பு யாருடையது?' என்றால் உடனே விளங்கும்.

இன்னொரு குழப்பம்: சுவர், பூச்சு, பெயின்ட் மூன்றும் ஒரே சங்கிலியில் இருந்து மூன்றுக்கும் 15 என்று காட்டினால் மொத்தம் 45 அல்ல. அது பொதுக் கையிருப்பு. சுவர் தின்றால் பெயின்டுக்கு மிஞ்சாது. அடுத்த வேலையைத் தொடாமல் தள்ளக்கூடிய நாள்கள் வேறு. அதைத் தனிக் கையிருப்பு எனலாம்.

பொய்க் கையிருப்பும் உண்டு. தனக்குப் பின் எந்த வேலையோடும் இணைக்கப்படாத வேலைக்கு மென்பொருள் நூறு, இருநூறு நாள் காட்டும். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில், 4.5 மீட்டருக்கு மேல் இடைத்தூரமுள்ள தளத்தைத் தாங்கும் முட்டுக்கால்களை 14 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 (2000). அந்த 14 நாளை அட்டவணையில் விட்டுவிட்டால், அடியில் வரும் செங்கல் வேலைக்கு இல்லாத கையிருப்பு முளைக்கும். தாமதத்தை அளக்க உட்காரும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

தமிழாக்குபவர்கள் அட்டவணையைப் பார்க்காமல் அகராதியைப் பார்க்கிறார்கள் என்பதே என் மனக்குறை. 'தாமதம்' என்ற சொல்லிலும் அதே கதைதான். கையிருப்புக்குள் ஒரு வேலை பிந்துவதும், ஒப்படைக்கும் தேதியே பிந்துவதும் அறிக்கைகளில் ஒரே தாமதமாகின்றன. முன்னதைச் சுணக்கம் என்றும் பின்னதை மட்டும் தாமதம் என்றும் எழுதினால், நீட்டிப்புக் கடிதத்தில் எதற்கு நாள் கேட்கலாம் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.