மலையகப் பாறையில் ஏன் எரிவாயு இல்லை?

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில், மலையை வெட்டியிருக்கும் இடங்களில் பாறையைக் கவனித்துப் பாருங்கள். வெளிறிய பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறி மடிந்து கிடக்கும். மலையகத்தின் சில பாறைகளில் சிவந்த கார்னட் மணிகளும் தெரியும். அவற்றுள் ஒரு பகுதி, மிகப் பழைய காலத்தில் நீருக்கடியில் படிந்த களிச்சேறு. எரிவாயு தந்து உலக எரிசக்திச் சந்தையைப் புரட்டிப்போட்ட ஷேல் பாறையும் களிச்சேற்றில் பிறந்ததுதான். அப்படியானால் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அந்தப் பாறையிலிருந்து வரும் வாயு பதுளையில் ஏன் வரவில்லை?

எல்லாம் சூட்டின் அளவில் இருக்கிறது. சேற்றோடு புதைந்த பாசியும் நுண்ணுயிர்களும் ஆழத்தில் 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரை சூடேறினால் பெரும்பாலும் எண்ணெய் உண்டாகும். அதற்கு மேல், ஏறக்குறைய 200 பாகை வரை, மீதேன் வாயு. கல்லில் போட்ட ரொட்டி மாதிரிதான்: சூடு போதாவிட்டால் மாவு, மிஞ்சினால் கரி. நம் மலைகளின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி கொண்டுவானா நிலம் உருவானபோது, பூமியின் ஆழத்துக்குள் தள்ளப்பட்டு 800 பாகை அளவுக்கு வெந்தவை. அந்தச் சூட்டில் வாயு தங்காது. பழைய உயிர்ப்பொருளில் மிஞ்சிய கார்பன், பென்சிலில் இருக்கும் காரீயமாக மாறிவிட்டது. ஆகவே மலையகத்தில் எங்கே தோண்டினாலும் ஷேல் வாயு கிடைக்காது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பதமாக வெந்த ஷேலிலும் சிக்கல் உண்டு. அதன் துளைகள் மிக நுண்ணியவை, ஒன்றோடொன்று சரியாக இணையாதவை. வாயு உள்ளே இருக்கும், ஆனால் தானாக வெளியே வராது. டெக்சாஸின் பார்னெட் ஷேலில் ஜார்ஜ் மிட்செல்லின் நிறுவனம் பல ஆண்டுகள் முயன்று, 1990களின் கடைசியில்தான் கட்டுப்படியாகும் வழியைக் கண்டது: தண்ணீரையும் மணலையும் கொஞ்சம் இரசாயனத்தையும் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பது. விரிசல் மூடாமல் மணல் தாங்கிப் பிடிக்கும். அப்புறம் இதோடு கிடையாகத் துளையிடும் முறையும் சேர்ந்தது. கிணறு இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே இறங்கி, அங்கே வளைந்து, பாறைப் படுகைக்குள்ளேயே நீளமாக ஓடும். ஆனாலும் முதல் வருடத்திலேயே வாயு வரத்து பாதிக்கும் மேல் விழுந்துவிடும். தொடர்ந்து புதுக் கிணறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013இல் உலகின் ஷேல் வாயு பற்றி ஒரு மதிப்பீடு வெளியிட்டது. சீனாவில் 1,115 டிரில்லியன் கன அடி, ஆர்ஜென்டீனாவில் 802, அல்ஜீரியாவில் 707. அப்போது பல நாடுகள் கனவு கண்டன. இவை தொழில்நுட்ப ரீதியாக எடுக்கக்கூடிய அளவுகள் மட்டுமே. இலாபமாக எடுக்கலாமா என்பது தனிக் கேள்வி, அதில்தான் பல நாடுகள் தோற்றன. போலந்தில் சுமார் 70 கிணறுகள் தோண்டியும் வர்த்தக உற்பத்தி வரவில்லை. தென்னாப்பிரிக்காவின் காரூவில் எரிமலைக் குழம்பு ஊடுருவி ஷேலின் சில பகுதிகளை மிஞ்சி வேக வைத்துவிட்டது, நம் பாறைக்கு நேர்ந்ததன் சிறிய அளவு. ஆர்ஜென்டீனாவின் வாகா முவெர்தா மட்டும் வேகமாக வளர்கிறது. அது பழைய எண்ணெய் வயல் பகுதி, மக்கள் அடர்த்தி குறைந்த வறண்ட நிலம், 2023இல் ஒரு பெரிய குழாய்வழியும் திறக்கப்பட்டது. சீனா சிச்சுவான் மலைப் பகுதியில் எடுக்கிறது, ஆனால் அங்கே பாறை ஆழமானது, உடைந்து நொறுங்கியது. செலவு கூடும்.

மலையக வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் தண்ணீர். ஒரு கிணற்றுக்கு ஒன்றிரண்டு கோடி லீட்டர் சாதாரணமாகப் போகும். அதில் ஒரு பங்கு உப்பும் இரசாயனமுமாகத் திரும்பி வரும். எண்ணெய், வாயுக் கிணறுகளிலிருந்து வரும் இப்படியான கழிவு நீரை ஆழத்தில் செலுத்தியதால்தான் ஓக்லஹோமாவில் நிலநடுக்கங்கள் பெருகின. 2016இல் ஒன்று 5.8 அளவைத் தொட்டது. இங்கிலாந்தில் 2019இல் பாறையைப் பிளக்கும் வேலையின்போது 2.9 அளவு அதிர்வு வந்ததும் அரசாங்கம் அந்த வேலையையே நிறுத்தியது. பூமிக்கடியில் நீரின் போக்கு மாறினால் என்ன ஆகும் என்று பண்டாரவளை மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உமா ஓயா சுரங்கத்துக்குள் 2014இன் கடைசியில் தண்ணீர் பாய்ந்தபோது, மேலே ஊர்க் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அது வாயுத் திட்டமல்ல, நீர்மின் திட்டம். ஆனாலும் தங்கள் கிணற்றுக்காகப் பயந்து எதிர்க்கிற பென்சில்வேனியா விவசாயியின் கவலை நமக்குச் சட்டென்று புரிகிறது, அதை வெறும் வீண் பயம் என்று ஒதுக்கும் நிபுணர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, நம் அடுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். சில ஷேல் கிணறுகளில் மீதேனோடு இவையும் ஏராளமாக வருகின்றன. அதனால்தான் இந்தச் சிலிண்டர் வாயுவை உலகிலேயே அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடாக அமெரிக்கா ஆனது. இலங்கைக்குச் சொந்த வாயு வேண்டுமானால் பார்க்க வேண்டிய திசை மன்னார்க் கடல். அங்கே 2011இல் இரண்டு கிணறுகளில் வாயு கண்டறியப்பட்டது. அது மீதேன் தங்கக்கூடிய துளைகள் உள்ள மணற்பாறை, ஷேலைப் போல உடைத்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆழ்கடல், முதலீடு பெரிது. இன்னும் வர்த்தக உற்பத்தி தொடங்கவில்லை.