கடல்பாசிப் பையில் சாம்பார் நிற்குமா?

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் டிபன் கடை நடத்தும் நம்மூர்க்காரர்கள் இப்போது என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். 2018-ல் மகாராஷ்டிராவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு, கப் போன்றவற்றுக்கு நாடு முழுக்கத் தடை. அதிலிருந்து "கடலில் விளைந்த பை, தின்றாலும் ஒன்றும் ஆகாது" என்று மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஆட்கள் வருகிறார்கள். உணவு பேக்கேஜிங் பரிசோதனையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் என் பதில்: பொருள் நல்ல பொருள்தான், சாம்பாருக்கு ஆகாது.

ஏன் என்று சொல்கிறேன். கடலிலிருந்து வரும் பாலிமர்களில், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில், பேக்கேஜிங்குக்கு முக்கியமானவை நான்கு. பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜினேட். சிவப்புப் பாசியிலிருந்து அகார், கராகீனன். இறால், நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசான். முதல் மூன்றும் ஏற்கெனவே நம் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருப்பவை. நோன்பு காலத்தில் வீட்டில் காய்ச்சும் கடல்பாசி அகார்தான். ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், 401, 407 என்ற எண்கள் இருந்தால் அவை சோடியம் ஆல்ஜினேட்டும் கராகீனனும். எனவே "தின்றால் ஒன்றும் ஆகாது" என்பதில் பெரிய பொய் இல்லை.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. இந்த மூலக்கூறுகள் எல்லாமே தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். அகார் சுமார் 85 டிகிரியில் உருகும். கொதிக்கக் கொதிக்க ஊற்றும் சாம்பார் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆல்ஜினேட் அப்படி உருகாது. கால்சியம் அயனிகள் சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டிவிடும். ஆனால் சாம்பாரில் உப்பு இருக்கிறதே! உப்பிலுள்ள சோடியம் கால்சியத்தை மெல்ல வெளியேற்றி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் தன் பங்குக்குக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பூட்டு தளர்ந்ததும் படலம் ஊதிப் பிசுபிசுக்கும். வெறும் தண்ணீரை ஊற்றிக் காட்டி விற்கிறவரிடம் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, காய்ந்த பண்டத்துக்கு ஆகுமா? தாராவியில் முறுக்கு சுற்றி விற்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள் இதைக் கேட்டார்கள். அதற்கும் தனியாக ஆகாது. மும்பை ஜூலையில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதத்தைத் தாண்டும். பாசிப் படலம் நொறுங்காமல் வளைய வேண்டும் என்று கிளிசரின் சேர்ப்பார்கள், அதுவோ இன்னும் ஈரத்தை வா வா என்று கூப்பிடும். முறுக்கு நமத்துப் போகும். வேடிக்கை என்னவென்றால், ஈரமில்லாத நிலையில் இதே படலம் ஆக்சிஜனைத் தடுப்பதில் சாதாரண பாலித்தீனைவிடப் பல மடங்கு கெட்டி. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். இரண்டு பக்கமும் ஈரம் தடுக்கும் அடுக்கு கொடுத்து நடுவில் இதை வைக்கலாம். ஆனால் அந்த வெளி அடுக்கு பிளாஸ்டிக் என்றால் மக்கும் பை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் எதற்குத்தான் ஆகும்? எண்ணெய்ப் பண்டம், ஒரு மணி நேரத்துக்குள் தின்று தீர்ப்பது. மெதுவடை, போண்டா, பஜ்ஜி. எண்ணெய் இந்தப் படலத்துக்குள் புக முடியாது. அட்டைப் பெட்டியின் உட்புறத்தில் மெல்லிய பூச்சாக அடித்தால் போதும், பாலித்தீன் பூச்சும் வேண்டாம், எண்ணெய் ஊறாமலிருக்கப் போடும் ஃபுளோரின் ரசாயனங்களும் வேண்டாம். 2019 லண்டன் மாரத்தானில் ஓடுகிறவர்களுக்கு பானத்தைப் பாசி உருண்டைகளில் கொடுத்த நோட்ப்லா நிறுவனமும் இப்படிப் பூச்சு போட்ட அட்டைப் பெட்டிகளைத்தான் உணவகங்களுக்கு விற்கிறது. 2022-ல் எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசு வாங்கிய நிறுவனம் அது. அந்த உருண்டையும் கையில் வாங்கியதும் வாயில் போடுவது, அலமாரியில் வைக்கிற சரக்கு இல்லை.

பையாகச் செய்வதில் தொழில் தொல்லையும் உண்டு. பிளாஸ்டிக் குருணையை உருக்கி ஊதினால் படலம் வந்துவிடும். ஆல்ஜினேட்டை அப்படி உருக்க முடியாது, கருகிவிடும். தண்ணீரில் கரைத்து, பரப்பி, உலர்த்த வேண்டும். நேரமும் மின்சாரமும் செலவு. கடையில் இருக்கும் ஹீட் சீலிங் மெஷினிலும் வாய் ஒட்டாது.

கைட்டோசானைப் பற்றி இந்த ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் பெண்கள் உட்கார்ந்து இறால் உரிக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு ஓடு எவ்வளவு குவியும் என்று தெரியும். தலையும் ஓடும் சேர்ந்தால் இறாலின் எடையில் பாதி வரை வரும். அதை அமிலத்திலும் காரத்திலும் வேக வைத்து எடுக்கும் கைட்டோசான் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. பழத்தின் மேல் பூசினால் பழுப்பதும் அழுகுவதும் தள்ளிப்போகும். நல்ல சரக்கு. ஆனால் சைவக் கடையில், அதிலும் ஜைன வாடிக்கையாளர்கள் வரும் கடையில், இறால் ஓட்டுப் பூச்சுள்ள பெட்டியைச் சொல்லாமல் கொடுப்பது சரியல்ல. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும், சுத்திகரிப்பு சரியில்லாத சரக்கில் புரதம் மிச்சமிருக்கும். பூஞ்சையிலிருந்து எடுத்த கைட்டோசானும் இருக்கிறது, விலை கூடுதல்.

கடலிலிருந்து வந்தால் கடலுக்கு நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கராகீனனுக்காக ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பகுதியில் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் வெளிநாட்டுப் பாசி. மன்னார் வளைகுடாவில் அது பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே தெப்பம்தான் அங்கே பல மீனவப் பெண்களின் வருமானம் என்பதும் உண்மை. எங்கே வளர்த்த பாசி என்று கேட்டு வாங்குவது நியாயம்.

செம்பூரில் ஒருவர், "அப்போ சாம்பாருக்கு என்னதான் பண்றது சார்?" என்று சலித்துக்கொண்டார். தூக்குவாளிதான் அண்ணே என்றேன். வழக்கமான வாடிக்கையாளர் தூக்கு கொண்டுவந்தால் ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். வடைக்கு மட்டும் பூச்சுப் பெட்டி.

வாங்கும்போது இரண்டு தாள்களைக் கேளுங்கள். மக்கும் பிளாஸ்டிக் பை என்று விற்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ். அதன் எண் பையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். துணி மாதிரி இருக்கும் நான்-வோவன் பைகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான், பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டாவது, பொருளிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்ற பரிசோதனை அறிக்கை. பிளாஸ்டிக்குக்கு வரம்பு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம், பூச்சுப் பெட்டிக்கும் நான் அதையே அளவுகோலாக வைக்கிறேன். அறிக்கையில் காய்ச்சி வடித்த தண்ணீர் சோதனை மட்டும் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். புளிப்புள்ள உணவுக்கு 3 சதவீத அசெட்டிக் அமிலத்திலும், எண்ணெய்ப் பண்டத்துக்கு எண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஹெப்டேன் என்ற கரைப்பானிலும் சோதித்திருக்க வேண்டும். வடைப் பெட்டி வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான்.